யார் கட்சிக்காரர்? கொடைக்கானல் பாதரச வழக்கும் தொழிலாளர் வழக்கறிஞரின் கடமையும்

2016 மார்ச்சில் இந்துஸ்தான் யூனிலீவர் நிறுவனம், கொடைக்கானல் தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் முன்னாள் தொழிலாளர் தரப்பில் 591 பேரோடு உடன்பாடு செய்துகொண்டது. பத்தாண்டுகளாகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் நிலுவையில் கிடந்த நீதிப்பேராணை மனு அத்தோடு முடிவுக்கு வந்தது. தொகை எவ்வளவு என்று வெளியிடப்படவில்லை. மனிதாபிமான அடிப்படையில் தரும் கருணைத்தொகை என்றும், வாழ்வாதார மேம்பாட்டுக்கும் திறன் வளர்ப்புக்கும் உரியது என்றும் நிறுவனம் அறிவித்தது. பாதரசத்தால் எவருக்கும் நோய் வந்தது என்றோ வரவில்லை என்றோ நீதிமன்றத் தீர்மானம் எதுவும் பிறக்கவில்லை.

இந்த வழக்கைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளையே கேட்டிருக்கிறார்கள்: நிறுவனம் குற்றவாளியா, மலை சுத்தமானதா? இரண்டும் கேட்டே ஆக வேண்டியவை. ஆனால் வழக்கறிஞர் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்த வழக்கு வேறொரு கேள்வியையும் வைக்கிறது. வேலையால் உடல் கெட்டது என்று நூற்றுக்கணக்கானோர் ஒரே மனுவில் நீதிமன்றம் ஏறும்போது, அவர்கள் பக்கம் நிற்கும் வழக்கறிஞர் யாருக்குக் கடமைப்பட்டவர், எதைச் செய்யக் கடமைப்பட்டவர்?

என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொழில்நோய்க்கு ஆளானவருக்கு 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டமும் உரிமையியல் நடைமுறைச் சட்டமும் சில காப்புகளைத் தந்திருக்கின்றன. அரசமைப்பின் 226ஆம் உறுப்பின் கீழ் வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனதும் அந்தக் காப்புகள் தாமாகப் பின்தொடர்ந்து வருவதில்லை. அவற்றைக் கையோடு கொண்டுபோவது வழக்கறிஞரின் தொழில்நெறிக் கடமை. பார் கவுன்சில் விதிகளில் அது வெளிப்படையாக எழுதப்படவில்லை என்பது அந்தக் கடமையைக் குறைத்துவிடாது.

இந்த வழக்கில் இருதரப்பிலும் ஆஜரானவர்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்பது இங்கே ஆராயப்படவில்லை. உடன்பாட்டின் உள்விவரம் பொதுவெளியில் இல்லாதபோது அவர்களைப் பற்றிக் கருத்துச் சொல்வது நியாயமாகாது. வழக்கின் அமைப்பு எத்தகைய நெருக்கடிகளை உண்டாக்கியது என்பது மட்டுமே என் பொருள்.

வழக்கு வந்த வழி

கதை பலரும் அறிந்தது. சுருக்கமாகச் சொன்னால் போதும். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் வாட்டர்டவுன் நகரில் இயங்கிய சீஸ்ப்ரோ-பாண்ட்ஸ் நிறுவனத்தின் தெர்மாமீட்டர் ஆலை 1980களின் தொடக்கத்தில் கொடைக்கானலுக்கு இடம்பெயர்ந்தது. தாய் நிறுவனத்தை யூனிலீவர் வாங்கியதும் ஆலை யூனிலீவர் குடும்பத்துக்கு வந்தது; பின்னர் பாண்ட்ஸ் இந்தியா, இந்துஸ்தான் லீவரோடு இணைந்தது. ஆலை நின்ற செயின்ட் மேரீஸ் சாலையின் சரிவுக்குக் கீழே பாம்பார் சோலை. அங்கிருந்து இறங்கும் நீர் கும்பக்கரை அருவி வழியாகச் சமவெளிக்குப் போகிறது.

2001 மார்ச் 7ஆம் தேதி, பழனி மலைப் பாதுகாப்புக் குழுவும் கிரீன்பீஸ் அமைப்பும் மூஞ்சிக்கல் பகுதியின் பழைய இரும்புக் கடை ஒன்றில் கிடந்த பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவை ஊரறியக் காட்டின. ஏறத்தாழ 7.4 டன். அந்த மாதமே ஆலை நின்றது. 2003இல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு தூத்துக்குடித் துறைமுகம் வழியாக அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. கழிவுக்குக் கிடைத்த திரும்பும் வழி தொழிலாளரின் உடம்புக்குக் கிடைக்கவில்லை.

2006 பிப்ரவரியில் முன்னாள் தொழிலாளர் நலச் சங்கம் உயர் நீதிமன்றத்தில் மனுப் போட்டது. 2007இல் நீதிமன்றம் அமைத்த நிபுணர் குழு, தொழிலாளரின் நோய்களைப் பாதரசத்தோடு தொடர்புபடுத்தப் போதிய சான்று இல்லை என்றது. 2011இல் மத்திய தொழிலாளர் அமைச்சகத்தின் சார்பில் வந்த அறிக்கை, பாதிப்புக்கு முகாந்திரம் இருப்பதாகச் சொன்னது. ஒரே உடல்களைப் பற்றி இரண்டு அரசுசார் அறிக்கைகள் எதிரெதிர்த் திசையில் பேசின. 2015 ஜூலையில் இந்த மாசைப் பற்றிச் சென்னைப் பாடகி சோபியா அஷ்ரஃப் பாடிய ராப் பாடலின் காணொளி உலகமெங்கும் பரவியது. எட்டு மாதத்தில் உடன்பாடு.

உடலும் ஏடும்

பாதரசம் அறை வெப்பத்திலேயே ஆவியாகும். ஆவிக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூச்சில் புகுந்ததில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு நுரையீரல் வழியாக இரத்தத்தில் கலந்துவிடும். கைநடுக்கம், ஈறுவீக்கம், தூக்கமின்மை, எரிச்சல், நினைவு மங்கல், சிறுநீரகக் கோளாறு என்று அதன் விளைவுகளை மருத்துவ நூல்கள் அடுக்குகின்றன. ஒவ்வொன்றுக்கும் வேறு காரணம் சொல்ல முடியும் என்பதுதான் சிக்கல். சர்க்கரை, மது, வயது, கவலை என்று எதிர்த்தரப்பு நிபுணர் ஒவ்வொன்றாக எடுத்துவைப்பார். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் பொருத்தமாகவே தோன்றும்.

வழக்கறிஞர் கவனிக்க வேண்டிய இன்னொரு செய்தி உண்டு. உடலில் சேர்ந்த பாதரசத்தில் பாதி வெளியேற ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகும். மூளையில் தங்குவது இதைவிட நீடிக்கும், ஆனால் அதைச் சிறுநீர்ப் பரிசோதனை காட்டாது. ஆலை நின்றது 2001 மார்ச். குழு அமைந்தது 2007. இடையில் ஆறு ஆண்டுகள். இதற்குள் உடலில் இருந்தது முப்பது முறைக்கு மேல் பாதிபாதியாகக் குறைந்திருக்கும். அந்த நிலையில் சிறுநீரில் பாதரசம் தேடினால் எதுவும் கிடைக்காது. கிடைக்கவில்லை என்பதால் முன்பு இருந்திருக்கவில்லை என்றும் ஆகாது.

ஆக, உடல் சாட்சி சொல்லும் காலம் மிகக் குறுகியது. அதன் பிறகு பேசக்கூடியவை ஏடுகள் மட்டுமே: ஆலைக்குள் காற்றில் எவ்வளவு பாதரசம் இருந்தது என்ற அளவீடுகள், தொழிலாளரின் அவ்வப்போதைய சிறுநீர்ப் பரிசோதனை முடிவுகள், யார் எந்தப் பிரிவில் எத்தனை மாதம் வேலை பார்த்தார் என்ற பணிப்பதிவேடு, ஆலை மருத்துவரின் குறிப்பேடு. இவை எல்லாமே முதலாளியின் பீரோவில் இருப்பவை.

சட்டம் இதை அறியாமல் இல்லை. போபால் விஷவாயுப் பேரழிவுக்குப் பின் 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் சேர்த்த அத்தியாயம் அபாயகரத் தொழில்களைப் பற்றியது. அதன் 41-சி பிரிவு, நச்சுப்பொருளுக்கு ஆளாகும் தொழிலாளரின் உடல்நலப் பதிவுகளைத் துல்லியமாக வைத்திருக்கவும், தொழிலாளருக்கு அவை கிடைக்கச் செய்யவும் ஆலையின் பொறுப்பாளருக்கு ஆணையிட்டது. வேலையில் சேர்ப்பதற்கு முன்பும், வேலையின்போதும், அந்த வேலையை விட்ட பிறகும்கூட மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும் என்றது. 111-ஏ பிரிவு, தம் உடல்நலம் பற்றிய தகவலைக் கேட்டுப் பெறும் உரிமையைத் தொழிலாளருக்குக் கொடுத்தது. காற்றில் பாதரச ஆவி கனமீட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று இரண்டாம் அட்டவணை வரம்பு கட்டியது. மூன்றாம் அட்டவணையின் அறிவிக்கத்தக்க நோய்களில் பாதரச நச்சும் ஒன்றாக இருந்தது. 89ஆம் பிரிவின்படி மேலாளரும் சிகிச்சை அளிக்கும் மருத்துவரும் அதை அதிகாரிக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டிருந்தனர்.

ஆகவே இப்படிப்பட்ட வழக்கோடு வரும் தொழிலாளரை அலுவலகத்தில் உட்காரவைத்ததும் வழக்கறிஞர் செய்ய வேண்டிய முதல் காரியம் மனு எழுதுவது அல்ல. இந்தப் பதிவுரிமைகளைச் சுட்டி, ஒவ்வொரு தொழிலாளர் பெயரிலும் தனித்தனியாகப் பதிவுகளைக் கேட்டு நிறுவனத்துக்கும் தொழிற்சாலை ஆய்வாளருக்கும் கடிதம் அனுப்புவதுதான். பதில் வந்தால் அது சான்று. பதில் வராவிட்டால், பின்னால் எதிர்மறை அனுமானம் கேட்க அந்தக் கடிதமே அடிப்படை. இதைத் திறமை சார்ந்த விஷயம் என்று நம்மில் பலர் ஒதுக்கிவிடுவோம். நான் இதை நெறி சார்ந்தது என்பேன். கட்சிக்காரரின் நலனை எல்லா நேர்மையான வழியிலும் அஞ்சாமல் காப்பது கடமை என்று பார் கவுன்சில் விதி 15 சொல்கிறது. சான்று கரைந்துபோகும் வழக்கில் தாமதமே அந்தக் கடமையை மீறுவதாகிவிடும்.

சென்னை வழக்கறிஞர் ஒருவர் மீதான ரங்கதுரை வழக்கில் (1979) உச்ச நீதிமன்றம் முன் வந்தது இதையொத்த ஒரு நிலை. காது கேளாத முதியவரும் அவர் மனைவியும் நம்பி ஒப்படைத்த கடன்பத்திரங்கள் மீது வழக்கே போடாமல், போட்டதாகச் சொல்லிக் காலவரம்பு கடக்க விட்டிருந்தார் அவர். நீதிபதி கிருஷ்ணய்யர், தண்டனையின் ஒரு பகுதியாக அவரை ஏழைகளுக்கான சட்ட உதவிப் பணிக்கு அனுப்பினார். நம் தொழில்நெறித் தீர்ப்புகளில் பெரும்பான்மை இப்படிப்பட்டவையே: ஒரு கட்சிக்காரர், ஒரு கடன்பத்திரம், ஒரு மோசடி. பாதரசம் போன்ற வழக்குகளில் எவரும் பொய் சொல்லாமலேயே இதே கேடு நேரும். சட்டக் கல்லூரியின் தொழில்நெறித் தாள் இதற்கு மாணவரைத் தயார் செய்வதில்லை என்பது என் கருத்து.

எந்த மன்றம்?

பணியாளர் இழப்பீட்டுச் சட்டம், 1923இன் மூன்றாம் அட்டவணை, ‘ஆ’ பகுதியில் பாதரசத்தாலும் அதன் நச்சுக் கூட்டுப்பொருள்களாலும் வரும் நோய்கள் இடம்பெற்றிருந்தன. 3(2) பிரிவின்படி, அப்படிப்பட்ட வேலையில் ஒரே முதலாளியிடம் தொடர்ந்து ஆறு மாதத்துக்குக் குறையாமல் இருந்தவருக்கு அந்த நோய் வந்தால், அது வேலையால் வந்த விபத்துக் காயமாகவே கொள்ளப்பட்டது; அப்படியல்ல என்று மெய்ப்பிக்கும் சுமை முதலாளியுடையதாக இருந்தது. நூற்றாண்டுப் பழமையான இந்தச் சட்டத்தை இயற்றியவர்களுக்கு, நோய்க்கும் வேலைக்கும் உள்ள முடிச்சைத் தொழிலாளியால் அவிழ்த்துக் காட்ட இயலாது என்ற அறிவு இருந்திருக்கிறது.

நீதிப்பேராணை மனுவில் அந்தச் சுமைமாற்றம் தானாக நடப்பதில்லை. அங்கே கேள்வி ஒரு நிபுணர் குழுவிடம் போகும். குழு அறிவியலின் அளவுகோலை எடுக்கும். ‘போதிய சான்று இல்லை’ என்று எழுதும். அறிவியலில் அது முடிவை ஒத்திவைக்கும் வாக்கியம். வழக்கில் அதுவே முடிவாகிவிடும்.

இந்த வாதத்தை மிகையாக்கவும் கூடாது. 3(2) பிரிவின் அனுமானம் நோய்க்கும் வேலைக்கும் இடையிலான தொடர்பைப் பற்றியது. இவருக்கு வந்திருப்பது பாதரச நோய்தான் என்பதைத் தொழிலாளர் முதலில் காட்டியாக வேண்டும். கைநடுக்கத்துக்கு வேறு காரணம் சொல்லும் நிபுணரை அந்த அனுமானம் மட்டும் வாயடைத்துவிடாது. காலவரம்பும் குறுக்கே நிற்கிறது. 10ஆம் பிரிவு இரண்டு ஆண்டுதான் தந்தது. 2001இல் நின்ற ஆலைக்கு 2006இல் இழப்பீட்டுச் சட்டத்தின் ஆணையர் முன் போயிருந்தால் முதல் வாய்தாவிலேயே அந்த ஆட்சேபம் எழுந்திருக்கும். மேலும், மண்ணையும் நீரையும் சுத்தப்படுத்த ஆணையிடவோ, இறந்தவர் குடும்பத்தையும் பிள்ளைகளையும் சேர்த்துப் பரிசோதிக்கச் சொல்லவோ ஆணையருக்கு அதிகாரம் இல்லை. நீதிப்பேராணையைத் தேர்ந்ததற்கு வலுவான காரணங்கள் உண்டு என்பதை மறுக்க முடியாது.

ஆனால் இது ஒன்றை விட்டால்தான் மற்றொன்று என்ற நிலை அல்ல. தக்க காரணம் இருந்தால் காலவரம்பு கடந்த கோரிக்கையையும் ஏற்கலாம் என்று 10ஆம் பிரிவே ஆணையருக்கு இடம் கொடுத்தது. தன் சிறுநீர்ப் பரிசோதனை முடிவு தன்னிடம் சொல்லப்படவே இல்லை என்று ஒரு தொழிலாளி சத்தியப்பிரமாணம் செய்தால், அதைவிடத் தக்க காரணம் வேறென்ன? உயர் நீதிமன்றத்தில் மனு நிலுவையில் இருக்கும்போதே, தெளிவான நோய்க்குறி உள்ள சிலருடைய கோரிக்கையையாவது ஆணையர் முன் பதிந்து வைக்கலாம். அல்லது, 3(2) பிரிவின் அனுமானத்தை மனதில் கொண்டே ஆராய வேண்டும் என்று நிபுணர் குழுவுக்கான வரையறையில் சேர்க்கக் கேட்கலாம். இந்த வழிகள் இருக்கின்றன என்பதையும், ஒவ்வொன்றிலும் என்ன கிடைக்கும், என்ன கைவிட்டுப் போகும் என்பதையும் கட்சிக்காரருக்கு அவர் மொழியில் விளக்குவதே மன்றத் தேர்வில் உள்ள நெறி. ‘ஹைகோர்ட்டுக்கே போய்விடலாம்’ என்று சீனியர் சொன்னதும் எல்லாரும் தலையாட்டுவது சம்மதமாகாது.

591 பேரும் ஒரு வக்காலத்தும்

அச்சடித்த வக்காலத்துப் படிவத்தை நாம் வாசிப்பதே இல்லை. கட்சிக்காரர் கையெழுத்துப் போடும் இடத்தில் குமாஸ்தா பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டுக் கொடுப்பார். அவர் போட்டுவிட்டுப் போவார். மேலே நெருக்கமாக அச்சாகியிருக்கும் அதிகாரங்களின் வரிசையில், ஆவணம் தாக்கல் செய்வதற்கும் பணம் பெறுவதற்கும் நடுவில், வழக்கை ராஜி செய்துகொள்ளும் அதிகாரமும் இருக்கும். சங்கம் மனுதாரராக இருந்தால் அந்தக் கையெழுத்து சங்கத் தலைவருடையதாகவோ செயலாளருடையதாகவோ இருக்கும். சங்கத்தின் பின்னால் நிற்கும் நூற்றுக்கணக்கானோரில் பெரும்பாலோர் வழக்கறிஞரின் முகத்தைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அப்படியானால் கட்சிக்காரர் யார்? விதி 19, கட்சிக்காரர் அல்லது அவருடைய அதிகாரம் பெற்ற முகவர் தவிர வேறெவர் சொல்லியும் செயல்படக்கூடாது என்கிறது. மனுவில் பெயர் சங்கத்துடையது. நோய் தனித்தனி ஆட்களுடையது. போராட்டத்தை நாடறியச் செய்தவர்கள் சூழலியல் அமைப்புகள். இம்மூன்று தரப்பின் நோக்கமும் நெடுந்தூரம் ஒன்றாகவே போகும், பணம் மேசைக்கு வரும் நாள்வரை. அன்று நிரந்தரத் தொழிலாளிக்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கும், கணவரை இழந்தவருக்கும் இன்னும் நோய்க்குறி தெரியாதவருக்கும், தொகையை உடனே வாங்கிப் பிள்ளைக்குக் கல்யாணம் செய்ய நினைப்பவருக்கும் தீர்ப்பு வரட்டும் என்று காத்திருக்கத் துணிந்தவருக்கும் நலன்கள் பிரிகின்றன. சோலையின் மண் எந்த அளவுக்குச் சுத்தமாக வேண்டும் என்பதில் சூழலியலாளர் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் வரை விட்டுவைக்கலாம் என்ற அளவு மீது எழுந்த சர்ச்சை உடன்பாட்டுக்குப் பிறகும் தொடர்ந்தது. இவர்கள் எல்லாரையும் ஒரே வழக்கறிஞர் பிரதிநிதித்துவம் செய்யலாம். ஆனால் முரண் இருக்கிறது என்பதை அவர்களிடம் சொல்லாமல் செய்யக்கூடாது.

சமரசத்தில் வழக்கறிஞரின் அதிகாரம் பற்றி உச்ச நீதிமன்றத்தின் போக்கு மாறி வந்திருக்கிறது. பைராம் பெஸ்தோன்ஜி வழக்கில் (1992) வழக்கறிஞருக்குச் சமரசம் செய்யும் உள்ளுறை அதிகாரம் உண்டு என்று ஏற்ற நீதிமன்றம், கட்சிக்காரரிடம் கையெழுத்து வாங்குவதே விவேகம் என்றும் சேர்த்தது. ஹிமாலயன் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்க வழக்கில் (2015), தெளிவான அறிவுறுத்தல் இல்லாமல் கட்சிக்காரரின் உரிமையை வழக்கறிஞர் விட்டுக்கொடுக்க முடியாது என்ற நிலைக்கு வந்தது. தொழிலாளர் உடல்நல வழக்குக்கு இந்த இரண்டாம் நிலைதான் பொருந்தும்.

பிரதிநிதித்துவ வழக்குகளுக்கு உரிமையியல் நடைமுறைச் சட்டம் 1976இலேயே வழி சொன்னது. ஆணை 23, விதி 3-பி: நீதிமன்ற அனுமதி இல்லாமல் அத்தகைய வழக்கில் சமரசம் செல்லாது, அனுமதிக்கு முன் அக்கறையுள்ளோருக்கு அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அதே திருத்தம் 141ஆம் பிரிவில் ஒரு விளக்கத்தையும் சேர்த்து, உறுப்பு 226 நடவடிக்கைகளை அந்தப் பிரிவின் வீச்சிலிருந்து விலக்கியது. ஒரு கையால் கொடுத்த காப்பு, நீதிப்பேராணை மனுவுக்கு மறுகையால் எட்டாமல் போய்விட்டது. போபால் உடன்பாட்டைத் தொடர்ந்து வந்த சரண் லால் சாகு தீர்ப்பு (1990) இந்த இடைவெளியைத் தொட்டது. 47 கோடி டாலருக்கு 1989இல் நடந்த உடன்பாட்டுக்கு முன் பாதிக்கப்பட்டவர்களுக்கு அறிவிப்புக் கொடுத்திருக்க வேண்டும், விதி 3-பியின் உட்கருத்து இயற்கை நீதி சார்ந்தது என்று நீதிமன்றம் ஏற்றது. ஏற்றும் உடன்பாட்டைக் கலைக்கவில்லை; மறுஆய்வில் அவர்கள் சொல்வதைக் கேட்கலாம் என்று விட்டது. பாதிக்கப்பட்டவரின் வாதம் எடுபட்டும் அவருக்கு எதுவும் கிடைக்காத தீர்ப்புகளில் இது ஒன்று என்று நினைக்கிறேன். எனினும் அது வழக்கறிஞருக்குப் பயன்படும். நீதிப்பேராணை மனுவில் கூட்டு மெமோ தாக்கல் செய்யும் முன், சாகு தீர்ப்பைச் சுட்டி, உறுப்பினர் அனைவருக்கும் தமிழில் அறிவிப்பு அனுப்ப நீதிமன்றத்தின் ஆணையை அவரே கேட்கலாம். கேட்டால் எந்த நீதிபதியும் மறுக்கப் போவதில்லை.

இழப்பீட்டுச் சட்டம் இன்னும் கறாராக இருந்தது. இழப்பீட்டு உரிமையைத் துறக்கும் அல்லது குறைக்கும் எந்த ஒப்பந்தமும் அந்த அளவுக்குச் செல்லாது என்றது 17ஆம் பிரிவு. 28ஆம் பிரிவின்படி ஒரே தொகையாகத் தீர்க்கும் ஒப்பந்தம் ஆணையரிடம் பதிவாக வேண்டியிருந்தது. தொகை போதாது என்றோ, வற்புறுத்தலால் வாங்கியது என்றோ தோன்றினால் அவர் பதிவு செய்ய மறுக்க முடிந்தது. 8ஆம் பிரிவு, இறந்தவருக்கான இழப்பீட்டையும் பெண்ணுக்குரிய ஒருமொத்தத் தொகையையும் ஆணையரிடம் செலுத்தாமல் நேராகக் கொடுப்பதைத் தடுத்தது. இரு தரப்பையும் சாராத மூன்றாவது ஒருவர் தொகையைப் பார்த்து, ‘இது போதுமா?’ என்று கேட்கும் இடம் அது. பணத்துக்குக் ‘கருணைத்தொகை’ என்று பெயரிட்டால் இந்த வாசல் எதையும் தொடாமல் கடந்துவிடலாம். அப்படிப் பெயரிடுவது சட்டவிரோதமல்ல, முதலாளி பக்கத்தில் பொறுப்பை ஏற்காமல் தீர்க்கும் பழகிய உத்தி. ஆனால் அந்தப் பெயரால் தன் கட்சிக்காரர் எந்தச் சோதனையை இழக்கிறார் என்பதைச் சொல்லும் பொறுப்பு தொழிலாளர் வழக்கறிஞருடையது.

அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் மாதிரி விதி 1.8(ஜி) இதற்கு நேரான நெறி வைத்திருக்கிறது: பல கட்சிக்காரருக்கான மொத்த உடன்பாட்டில், ஒவ்வொருவரிடமும் எழுத்தில் சம்மதம் வேண்டும், அதற்கு முன் மற்றவர்களின் கோரிக்கை என்ன, யாருக்கு என்ன பங்கு என்பதை ஒவ்வொருவருக்கும் சொல்லியிருக்க வேண்டும். நம் விதிகளில் இதற்கு நிகரான எதுவும் இல்லை. 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டத்தின் 49ஆம் பிரிவு விதி வகுக்கும் அதிகாரத்தைப் பார் கவுன்சிலுக்கு ஏற்கெனவே கொடுத்திருக்கிறது. ஆகவே புதுச் சட்டம் எதுவும் தேவைப்படாது, ஒரு தீர்மானம் போதும். உடன்பாட்டில் மௌனக் காப்பு ஷரத்து இருந்தால், தன் உடல்நிலையை மருத்துவரிடமும் தொழிற்சாலை ஆய்வாளரிடமும் சொல்லும் சுதந்திரத்தை அது தொடக்கூடாது என்பதும் அந்த விதியில் இருக்க வேண்டும்.

ஃபீஸ் பற்றி ஒரு பத்தி போதும். வெற்றியில் பங்கு கேட்பதை விதி 20 தடுக்கிறது, பி. சுனிதா வழக்கில் (2017) உச்ச நீதிமன்றம் அதை மீண்டும் உறுதி செய்தது. தொழிலாளர் கையில் பணமில்லை என்பதால் இந்தத் தடையைத் தளர்த்தலாம் என்று நண்பர்கள் சிலர் வாதிடுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. பங்கு உண்டு என்றால் உடன்பாட்டை விரைவில் முடிக்கும் ஆவல் வழக்கறிஞருக்கு வந்துவிடும், அதுவும் தொகை பற்றி யாரும் சரிபார்க்காத ஒரு மன்றத்தில். சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 1987இன் 12ஆம் பிரிவு தொழிற்சாலைத் தொழிலாளிக்கும் தொழிற்சாலைப் பேரழிவுக்கு ஆளானவருக்கும் வருமானம் பாராமல் இலவச உதவி பெறும் தகுதி தருகிறது. கொடைக்கானல் தொழிலாளி முதல் தகுதியை ஐயமின்றி உடையவர், இரண்டாவதற்கும் வாதிடலாம். ஆனால் நச்சியல் நிபுணருக்குக் கொடுக்க வேண்டிய தொகைக்கு அந்த உதவி எந்த அளவுக்கு எட்டும் என்பது வேறு விஷயம்.

எதிர்த்தரப்பு மேசையில்

நிறுவனத்துக்கு ஆஜராவது இழிவல்ல. பாதரசக் குற்றச்சாட்டு பொய் என்று நிறுவனம் நம்பினால் அதை முழு வலுவோடு வாதிட ஆள் வேண்டும். கொடைக்கானல் வழக்கிலும் உடல்நலக் கேடு நிரூபிக்கப்படவில்லை என்பதே நிறுவனத்தின் நிலைப்பாடு. அந்த மேசையில் உள்ள கடமை வேறு வகையானது. விதி 4, நீதிமன்றத்தோடும் எதிர்த்தரப்போடும் முறைகேடாக நடப்பதிலிருந்து தன் கட்சிக்காரரைத் தடுக்க முயலும்படி வழக்கறிஞருக்குச் சொல்கிறது. விதி 34, வழக்கறிஞர் வைத்துள்ள எதிர்த்தரப்பாரோடு அவரைத் தாண்டிப் பேசக்கூடாது என்கிறது. ஊரில் ஒருவரையொருவர் அறிந்த சிறிய மலைநகரத்தில் முன்னாள் மேற்பார்வையாளரை அனுப்பி வீடு வீடாகக் கையெழுத்துக் கேட்பது எளிது. தான் நேரில் பேசவில்லை என்று வழக்கறிஞர் கையைக் கழுவிக்கொள்ள விதியின் உணர்வு இடம் தராது.

பழைய பரிசோதனை முடிவுகள் நிறுவன வழக்கறிஞரின் மேசைக்கு வந்தால்? கட்சிக்காரர் சொன்னதை வெளியிடாத காப்பு உண்டு. ஆலோசனை கேட்டு எழுதிய கடிதத்துக்கு அது பொருந்தும். ஆலை மருத்துவர் 1990களில் எழுதிய குறிப்பேடு, வழக்கறிஞரின் கோப்புக்குள் வைத்ததால் மட்டும் ரகசியமாகிவிடாது. நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் இருக்கும் சட்ட அதிகாரிக்கு இந்தக் காப்பு இன்னும் மெல்லியது. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், அவர்கள் வழக்காடும் வழக்கறிஞர் அல்லர் என்பதால் புதிய சாட்சியச் சட்டத்தின் 132ஆம் பிரிவுப் பாதுகாப்பு அவர்களுக்குக் கிடையாது என்று தெளிவாக்கியது. ஆவணத்தை அழிக்கச் சொல்வதோ, அழிப்பதைக் கண்டும் காணாமல் இருப்பதோ நெறி விஷயத்தைத் தாண்டிக் குற்றமாகவே ஆகும்.

இந்தக் கடமைகள் கொடைக்கானலில் முடிந்துபோன பழங்கதையா? 2025 நவம்பர் 21 முதல் தொழிற்சாலைகள் சட்டமும் 1923ஆம் ஆண்டுச் சட்டமும் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுக்குள் போய்விட்டன. தொழில்நோய் அட்டவணையும், சுமைமாற்றமும், உரிமைத் துறப்பு செல்லாது என்ற கொள்கையும் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் பெரும்பாலும் அப்படியே தொடர்கின்றன. பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன. பழைய தீர்ப்புகளைப் புதிய எண்களோடு பொருத்திக் காட்டும் வேலை இனி நம் தலைமுறைக்கு.

1995 ஜனவரியில் ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர் பற்றி நுகர்வோர் கல்வி மற்றும் ஆய்வு மையம் தொடுத்த வழக்கில், உடல்நலம் 21ஆம் உறுப்பின் உரிமை என்று சொன்ன உச்ச நீதிமன்றம், தொழிலாளர் ஒவ்வொருவரின் உடல்நலப் பதிவையும் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டோ, வேலை முடிந்த நாளிலிருந்து 15 ஆண்டோ, எது பிந்தியதோ அதுவரை பாதுகாக்க ஆணையிட்டது. அது ஆஸ்பெஸ்டாஸுக்கு மட்டுமே என்று நிறுவன வழக்கறிஞர் வாதிடுவார். உரிமை 21ஆம் உறுப்பிலிருந்து பிறந்தது என்றால் தாதுவுக்கு ஒரு நீதி, உலோகத்துக்கு ஒரு நீதி என்பது பொருந்தாது என்பது என் வாசிப்பு. ஆலை நின்ற 2001 மார்ச்சிலிருந்து 15 ஆண்டு எண்ணினால் 2016 மார்ச். உடன்பாடு நடந்த அதே மாதம். ஆனால் பிந்திய தேதியே செல்லும். 1990இல் வேலைக்குச் சேர்ந்தவரின் பதிவு 2030 வரையும், ஆலை மூடுவதற்கு முந்தைய ஆண்டு சேர்ந்தவரின் பதிவு 2040 வரையும் இருந்தாக வேண்டும். தொகையை வாங்கிக் கையெழுத்துப் போட்டவரும் அதைக் கேட்கலாம். தன் மருத்துவருக்குத் தன் பழைய அளவீடு என்ன என்று காட்டுவதற்கு வேறு எவருடைய அனுமதியும் தேவையில்லை. கேட்டு எழுத ஒரு வழக்கறிஞரும் ஒரு பதிவுத் தபாலும் போதும்.